எட்டுக் கழகம் மாறிய சோங்கும் மாலைதீவு போகக் காத்திருக்கும் தம்பியும்

வத்தளையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிக்கொள்கிறேன். அவருடைய தம்பிக்கு 21 வயது. கொழும்பில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்துக்கு சென்டர் பேக்காக, அதாவது நடுத் தடுப்பு வீரராக ஆடுகிறார். மாலைதீவில் ஒரு கழகம் ஒரு பருவத்துக்கு வரும்படி கூப்பிட்டிருக்கிறது. அப்பாவுக்கு விருப்பமில்லை. பந்து ஆடத் தெரிந்த பிள்ளை இராணுவ அணியிலோ பொலிஸ் அணியிலோ சேர்ந்துவிட்டால் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கைக்கு வரும் என்பது அவர் கணக்கு. அவர் உலகக் கிண்ணப் போட்டிகளை விடாமல் பார்த்து வந்தவர் என்பதால் உதாரணத்தையும் கையோடு வைத்திருக்கிறார்: "கமரூன் கப்டன் ரிகோபேர்ட் சோங் எட்டுக் கழகம் மாறினான். உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரன் என்றால் ஒருத்தனாவது பிடித்து வைத்திருக்க மாட்டானா?" சகோதரி கேட்பது, அப்பா சொல்வது சரியா என்று.

வெளியே தெரிவது சோங்கைப் பற்றிய கேள்வி. உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு தடுப்பு வீரர் எத்தனை கழகம் மாறினார் என்ற எண்ணிக்கையை வைத்து அவருடைய தரத்தை எடை போடலாமா? இந்தத் தம்பி இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா? முதலாவதற்கு என்னால் நிச்சயமாகப் பதில் சொல்ல முடியும். தம்பி ஆடி நான் பார்த்ததில்லை. ஆகவே இரண்டாவதற்கு எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வேன். நான் 14 வருடம் கொழும்பில் ஸ்டொப்பராக (அதே சென்டர் பேக்தான்) ஆடியவன். அதில் ஒரு பருவம் மாலைதீவின் தலைநகர் மாலேயில் கழிந்தது. 11 வருடமாக மட்டக்குளியில் பெடியன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

சோங்கின் கதையை வரிசையாகவே பார்ப்போம், ஏனென்றால் அப்பாவின் வாதத்துக்கான பதில் அந்த வரிசைக்குள் இருக்கிறது. 1976 ஜூலை 1ஆம் திகதி பிறந்தவர். 1994இல் பிரான்ஸின் மெட்ஸ் கழகத்துக்கு வந்தார். அங்கே நான்கு பருவம். 1996இல் மெட்ஸ் பிரெஞ்சு லீக் கிண்ணத்தை வென்றது. 1997-98 பருவத்தில் மெட்ஸும் லென்ஸும் சமமான புள்ளிகளோடு முடித்தன. கோல் வித்தியாசத்தில் லென்ஸ் சம்பியன் ஆனது. அந்த லென்ஸ் அணியில் சோங்கின் கமரூன் அணித் தோழர் மார்க் விவியன் ஃபோ இருந்தார். ஆக, தன் முதல் ஐரோப்பியக் கழகத்திலேயே நான்கு வருடம் நின்று, நாட்டின் சம்பியன் பட்டத்தை மயிரிழையில் தவறவிட்ட அணியில் ஆடியவர் சோங். "ஓரிடத்திலும் நிலைக்கவில்லை" என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

1998இல் இத்தாலியின் சலெர்னிட்டானாவுக்குப் போனார். அப்போதுதான் முதல் பிரிவுக்கு ஏறிய கழகம் அது. ஆறு மாதம்கூட முழுதாக நிற்கவில்லை. 1999 ஜனவரியில் லிவர்பூல் பயிற்றுநர் ஜெரார்ட் ஹூலியே அவரை எடுத்துக்கொண்டார். அந்தப் பருவ முடிவில் சலெர்னிட்டானா மீண்டும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது. மூழ்கும் படகிலிருந்து லிவர்பூலுக்குத் தாவியதைத் தோல்விக் கணக்கில் எழுத முடியுமா? இந்த மாற்றத்தையும் சேர்த்துத்தான் அப்பா எட்டு என்று எண்ணுகிறார்.

லிவர்பூலில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1999 கோடையில் ஹூலியே இரண்டு சென்டர் பேக்குகளை வாங்கினார்: பின்லாந்தின் சமி ஹூபியா, சுவிட்சர்லாந்தின் ஸ்டெபான் ஹென்ஷோ. இந்த இருவரும் பல வருடம் பிரியாத சோடி ஆனார்கள். சோங்கை வலது பக்கத்துக்குத் தள்ளினார்கள். அடுத்த கோடையில் அந்த வலது பக்கத்துக்கும் பயர்ன் மியூனிக்கிலிருந்து மார்க்குஸ் பாபெல் வந்துவிட்டார். 2000 நவம்பரில் சோங் வெஸ்ட் ஹாமுக்குப் போனார். வெஸ்ட் ஹாமில் ஏன் இடம் இருந்தது? அதே மாதம் அவர்கள் ரியோ பெர்டினண்டை 18 மில்லியன் பவுணுக்கு லீட்ஸுக்கு விற்றிருந்தார்கள். அந்த வெற்றிடத்துக்குப் பயிற்றுநர் ஹாரி ரெட்நாப் சோங்கைக் கொண்டுவந்தார். ஆறு மாதத்தில் ரெட்நாப் வெளியேறினார், கிளென் ரோடர் வந்தார். ரோடர் தனக்கு வேண்டிய தோமாஸ் ரெப்காவை வாங்கினார். சோங் ஜெர்மனியின் கொலோன் கழகத்துக்கு இரவலாகப் போனார். அந்தப் பருவம் கொலோனும் கீழே இறங்கியது.

இந்த மூன்று வருடத்தை வாசித்தால் ஒரு வீரன் தேய்ந்துகொண்டே போகும் கதை போலத்தான் இருக்கும். ஆனால் அதே மூன்று வருடத்தின் இன்னொரு பக்கம் இது: 2000 பெப்ரவரியில் லாகோஸில் ஆபிரிக்கக் கிண்ண இறுதிப்போட்டி. நைஜீரியா தன் சொந்த மண்ணில் நிற்கிறது. 2-2 என்று முடிந்து பெனல்டிக்குப் போனது. வெற்றியைத் தீர்மானித்த கடைசி உதை சோங்குடையது. 2002இல் செனகலை வென்று கிண்ணத்தைக் கமரூன் மீண்டும் எடுத்தது. கழகங்களில் வாசல் வாசலாக ஏறி இறங்கிய அதே காலத்தில் அவர் இரண்டு முறை ஆபிரிக்கச் சம்பியன். ஒரே மனிதன், ஒரே கால்கள். மாறியது யார் வாங்கினார், யார் விற்றார், யார் பயிற்றுநர் என்பது மட்டுமே.

பிறகு 2002இலிருந்து இரண்டு பருவம் லென்ஸ். 2004இலிருந்து நான்கு பருவம் துருக்கியின் கலாட்டாசராய். அங்கே 2005இல் துருக்கிக் கிண்ணம், அந்த இறுதியில் பெனர்பாச்சேயை 5-1 என்று அடித்தார்கள். 2006இலும் 2008இலும் லீக் பட்டம். கடைசியாகத் திரப்சோன்ஸ்போர், 2010இல் இன்னொரு துருக்கிக் கிண்ணம். கூட்டிப் பாருங்கள்: 16 வருடத்தில் எட்டுக் கழகம் என்றாலும், அதில் எட்டு வருடம் மெட்ஸிலும் கலாட்டாசராயிலும் மட்டும் கழிந்தது. நடுவில் இருந்த நான்கு வருடத்தில்தான் நான்கு கழகம். எண்ணிக்கை இந்த வடிவத்தை மறைத்துவிடுகிறது. இளமையில் நீண்ட ஒரு தங்கல், நடுவில் ஒரு சூறாவளி, முதிர்ந்த பிறகு இன்னொரு நீண்ட தங்கல். ஊர் ஊராகப் போய் ஆடிய பின்கள வீரர்கள் பலரின் வாழ்க்கையில் இதே வடிவம் இருக்கிறது.

இதுவரை எழுதியது பதிவில் இருப்பது. இனி எழுதுவது நான் ஆடியும் பயிற்றுவித்தும் கண்டது. உங்கள் அப்பா இதை ஏற்காமலும் போகலாம். கழகம் மாறும்போது முன்கள வீரரைவிடத் தடுப்பு வீரர் அதிகம் இழக்கிறார் என்று நான் நம்புகிறேன். ஸ்ட்ரைக்கருக்கு வலை எந்த நாட்டிலும் ஒரே அளவுதான். பந்து காலில் விழுந்தால் அடிக்கலாம். பக்கத்தில் நிற்பவரின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சென்டர் பேக்கின் வேலை அப்படியில்லை. அவருடைய வேலையில் பாதி, பக்கத்தில் நிற்கும் மற்றவர் அடுத்த நொடி என்ன செய்வார் என்று தெரிந்து வைத்திருப்பது. ஒருவர் பந்துக்குப் பாய்ந்தால் மற்றவர் பின்னால் இறங்கி மூட வேண்டும். நால்வரும் ஒன்றாக ஒரு அடி ஏறினால்தான் எதிரணி வீரர் ஓப்சைட், அதாவது விதிப்படி நிற்கக் கூடாத இடத்தில் மாட்டுவார். மூவர் ஏறி ஒருவர் நின்றுவிட்டால் அந்த ஒருவரே எதிரிக்கு வாசலைத் திறந்து விட்டவர். இந்த அறிவு பயிற்றுநரின் பலகையிலிருந்து வருவதில்லை. நூறு ஆட்டம், நூறு தவறு, ஒரே குரல் என்று பழகி வருவது. ஹூபியாவும் ஹென்ஷோவும் சோங்கைவிடத் திறமைசாலிகளா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. பழகிவிட்ட சோடியை எந்தப் பயிற்றுநரும் மனமொப்பிப் பிரிக்க மாட்டார். மூன்றாவதாக நிற்பவர் எவ்வளவு நல்லவர் என்றாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

குரலைப் பற்றிச் சொன்னேன். கொழும்பில் நாங்கள் ஆடும்போது பின்னால் நின்று கத்துவது மூன்று மொழிக் கலவை. "ஏறு", "உடட்ட", "மேன் ஓன்", "டைம்" எல்லாம் ஒரே வாயிலிருந்து வரும். கொம்பனித்தெரு சிட்டி லீக் மைதானத்தில் சிங்களப் பெடியனும் மலே பெடியனும் தமிழ்ப் பெடியனும் ஒரே வரிசையில் நின்று இதைப் புரிந்துகொள்வார்கள். மாலேயில் என் முதல் ஆட்டத்தில் என் சோடி ஓர் ஆபிரிக்க நாட்டவர். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். வலது பக்க பேக் மாலைதீவு மொழியான திவெஹியில் மட்டும் பேசுவார். பத்தாவது நிமிடத்தில் நான் "அப்" என்று கத்தி ஏறினேன். என் சோடி அதைப் பந்து மேலே வருகிறது என்று விளங்கிக்கொண்டு பின்னால் இறங்கினார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிய பெடியன் தனியாகப் போய் கோல் போட்டான். அன்றிரவு அறைக்கு வந்து நாங்கள் இருவரும் ஒரு தாளில் ஆறு சொல் எழுதிக்கொண்டோம். ஆறே ஆறு சொல், ஒவ்வொன்றுக்கும் ஒரே அர்த்தம். மூன்று வாரத்தில் கோல் விழுவது குறைந்தது. சோங் பிரெஞ்சு பேசுபவர். இத்தாலி, இங்கிலாந்து, ஜெர்மனி, துருக்கி என்று நான்கு புதிய மொழி நாடுகளில் அந்த ஆறு சொல்லை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு அவர்மீது மரியாதைதான் கூடுகிறது.

தடுப்பு வீரரின் தொழிலில் இன்னொரு கொடுமை இருக்கிறது, அதையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். 2008 பெப்ரவரி 10ஆம் திகதி, அக்ரா. ஆபிரிக்கக் கிண்ண இறுதியில் கமரூனும் எகிப்தும். 77ஆவது நிமிடம்வரை கோல் இல்லை. பின்னால் பந்தோடு நின்ற சோங்கை எகிப்தின் முகமது ஸிதான் துரத்தி நெருக்கினார் (பிரான்ஸின் ஸிடேனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). சோங் பந்தைத் தள்ளி வெளியேற்றியிருக்கலாம், காப்பாளருக்குக் கொடுத்திருக்கலாம். தாமதித்தார். ஸிதான் பறித்து அபூத்ரிகாவுக்குக் கொடுத்தார், கோல், 1-0, கிண்ணம் எகிப்துக்கு. அப்போது சோங்குக்கு 31 வயது. நூற்றுக்கு மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களை ஆடி முடித்தவர். அந்த ஆட்டத்தை நான் என் மாணவர்களுக்குப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். ஸ்ட்ரைக்கர் ஐந்து வாய்ப்பைத் தவறவிட்டு ஆறாவதில் அடித்தால் மாலை போடுவார்கள். சென்டர் பேக் 76 நிமிடம் சரியாக ஆடி ஒரு நொடி தாமதித்தால் அந்த நொடியை மட்டும்தான் ஊர் நினைவில் வைத்திருக்கும். இந்த வேலையைத் தேர்ந்தவர் இதைச் சுமக்கத் தயாராக இருக்க வேண்டும். வெளியூரில் சுமப்பது இன்னும் கடினம், ஏனென்றால் அன்றிரவு பேச வீட்டில் ஆள் இருக்காது.

சோங்கின் தவறுகளை மறைத்துப் புகழ் மட்டும் பாடினால் அப்பா என்னை நம்ப மாட்டார். 1994 உலகக் கிண்ணத்தில் பிரேசிலுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கியபோது அவருடைய 18ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. உலகக் கிண்ணத்தில் வெளியேற்றப்பட்டவர்களில் மிக இளையவர் என்ற பதிவு அவருடையது. 1998இல் சிலிக்கு எதிராக மறுபடியும் சிவப்பு. இரண்டு உலகக் கிண்ணங்களில் வெளியேற்றப்பட்ட முதல் ஆள் அவர். அதே மனிதர் 1994, 1998, 2002, 2010 என்று நான்கு உலகக் கிண்ணங்களில் ஆடினார். எட்டு ஆபிரிக்கக் கிண்ணத் தொடர்களில் ஆடினார். நாட்டுக்காக 137 ஆட்டங்கள். 2003 ஜூன் 26ஆம் திகதி லியோனில், கொன்பெடரேஷன்ஸ் கிண்ண ஆட்டத்தின் நடுவில் அதே ஃபோ மயங்கி விழுந்து இறந்தபோது அணித்தலைவர் சோங். மூன்று நாள் கழித்து, அந்த அணியை இறுதிப்போட்டிக்கு நடத்திக் கொண்டுபோனவரும் அவரே.

என் வாசிப்பில் சோங்கைக் காப்பாற்றியது அவருடைய தேசிய அணி. கழகம் மாறிக்கொண்டே இருந்தது, ஆனால் கமரூன் மாறவில்லை. அங்கே அவருக்குச் சோடி இருந்தது, மொழி இருந்தது, ஒரு பெயர் இருந்தது. இங்கேதான் நம் பெடியனுக்கும் அவருக்கும் பெரிய வேறுபாடு, இதை நான் ஒளிக்க மாட்டேன். இலங்கை உலகத் தரவரிசையில் 200ஐ ஒட்டிய இடத்தில் கிடந்திருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட்வரை பீபா நம் சம்மேளனத்தையே இடைநிறுத்தி வைத்திருந்தது. அந்த மாதங்களில் தேசிய அணிச் சட்டை போட வழியே இருக்கவில்லை. 1995இல் கொழும்பு சுகததாச மைதானத்தில் இந்தியாவை 1-0 என்று வென்று சார்க் தங்கக் கிண்ணம் எடுத்த நாடு இது என்று சொன்னால் இன்றைய பெடியன்கள் கண்ணை அகல விரித்துப் பார்க்கிறார்கள். ஆகவே சோங்கின் பாதை அப்படியே தம்பிக்குத் திறக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இங்கிலாந்தின் வேலை அனுமதிப் புள்ளி முறையிலேயே நாட்டின் தரவரிசைக்குப் பெரிய எடை இருக்கிறது. நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை மாலைதீவு, பங்களாதேஷ், இந்தியாவின் கீழ்ப் பிரிவுகள். வெளிநாட்டவர் இடங்களில் ஒன்றை ஆசிய நாட்டவருக்கு ஒதுக்கும் வழக்கம் ஆசியாவின் பல லீக்குகளில் இருந்து வந்திருக்கிறது. அந்தச் சிறு வாசலால்தான் நம்மவர்கள் போனார்கள். தேசிய அணித்தலைவராக இருந்த பந்துக்காப்பாளர் சுஜான் பெரேரா மாலைதீவில் பல கழகங்களுக்கு ஆடியவர்.

அப்பாவிடம் சொல்ல இன்னொரு பெயரும் தருகிறேன். பிரேசிலின் தடுப்பு வீரர் தியாகோ சில்வா. இளவயதில் போர்த்துக்கலின் போர்ட்டோவுக்குப் போனார், முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. அங்கிருந்து ரஷ்யாவின் டைனமோ மொஸ்கோவுக்குப் போனார். 2005இல் அங்கே காசநோய் கண்டுபிடிக்கப்பட்டு மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்தார். அந்தக் கட்டத்தில் அவருடைய கழகப் பட்டியலை மட்டும் பார்த்த யாரும் "இந்தப் பெடியன் முடிந்தான்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஊருக்குத் திரும்பி ஃபுளுமினென்ஸேயில் மறுபடி எழுந்தார். பிறகு மிலான், பரிஸ், செல்சி. 2021இல் செல்சியோடு ஐரோப்பியச் சம்பியன் பட்டம். மறுபக்கம் இத்தாலியின் தடுப்பு வீரர் மல்டினியை எடுத்துக்கொள்ளுங்கள். 25 பருவம் மிலான் ஒன்றிலேயே ஆடி 902 ஆட்டங்கள். அவரும் பெரியவர், இவரும் பெரியவர். மல்டினி பிறந்த நகரமே மிலான், அப்பாவும் அந்தக் கழகத்தின் கப்டன். பிறந்த வாசலிலேயே உலகின் சிறந்த கழகம் இருந்தவர் ஏன் வெளியே போக வேண்டும்? வாசலில் அது இல்லாதவர்கள்தான் பெட்டி கட்டுகிறார்கள். கொழும்புப் பெடியனுக்கும் கமரூனின் யவுண்டேப் பெடியனுக்கும் அது இல்லை.

இனித் தம்பியின் காகிதம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை சில இருக்கின்றன. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கழகத்தின் கையெழுத்தோடு ஒரு பிரதி தம்பியின் கையில் இருக்க வேண்டும். மாதச் சம்பளம் எவ்வளவு, எந்த நாணயத்தில், எத்தனையாம் திகதி, எத்தனை மாதம் என்று எண்ணில் எழுதியிருக்க வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, போய்வரும் பயணச்சீட்டு, காயம் பட்டால் வைத்தியச் செலவு ஆகியவற்றுக்குத் தனித்தனி வரி வேண்டும். "எல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்ற பேச்சு ஒப்பந்தம் ஆகாது. சர்வதேச இடமாற்றச் சான்று இரு நாட்டுச் சம்மேளனங்கள் வழியாக, பீபாவின் இணைய முறையில் போக வேண்டும். அது இல்லாமல் அவரைச் சட்டப்படி ஆட விட முடியாது. சுற்றுலா விசாவில் "வந்து சேருங்கள், பிறகு மாற்றுவோம்" என்றால் போகக் கூடாது. வேலைக்குப் போகிறவர் என்ற முறையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டே போக வேண்டும். காப்புறுதியும் அதோடு வருகிறது. நடுவில் ஒரு முகவர் நின்றால் அவருக்குப் பீபா உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஒக்டோபரிலிருந்து உரிமம் கட்டாயம், பெயரைப் பீபாவின் தளத்தில் தேடலாம். தம்பியிடம் முன்பணம் கேட்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சம்பளம் வராவிட்டால் என்ன செய்வது என்பதை நான் என் சொந்த நட்டத்தில் கற்றேன். நான் ஆடிய கழகம் பருவத்தின் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தைத் தரவில்லை. "அடுத்த கிழமை" என்று ஆறு கிழமை சொன்னார்கள். கேட்டுப் போக ஓர் இடம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கட்டுநாயக்கவில் வந்திறங்கினேன். இன்றைய விதி இது: கழகம் இரண்டு மாதச் சம்பளத்தை உரிய திகதியில் கொடுக்காமல் வைத்திருந்தால், வீரர் எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குள்ளும் கொடுக்காவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம், நிலுவைக்கும் நட்டஈட்டுக்கும் பீபாவிடம் முறையிடலாம். முறைப்பாட்டுக்கு இரண்டு வருடக் காலக்கெடு. எழுத்து ஒப்பந்தமும் வங்கிப் பதிவும் இல்லாதவரின் முறைப்பாடு நிற்காது. ஆகவே சம்பளத்தைக் கையில் காசாக வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் கட்டாயம் சொல்லுங்கள். இன்னொன்று: ஒரு பருவத்தில் மூன்று கழகங்களில் பதியலாம், ஆனால் பொதுவாக இரண்டுக்கு மட்டுமே அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம். இப்போதைய கழகத்துக்கு இந்தப் பருவம் ஆடிவிட்டுப் போகிறார் என்றால், மாலைதீவுக் கழகத்திலிருந்து இடையில் முறித்துக்கொண்டு வந்தாலும் இன்னொரு அணிக்கு உடனே ஆட முடியாமல் போகும் ஆபத்து உண்டு. திகதிகளைப் பார்த்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

அவருடைய கொழும்புக் கழகத்திடமும் பேச வேண்டும். வீரர் 23 வயதுக்குள் வெளிநாட்டில் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் அவரை வளர்த்த கழகங்களுக்குப் பயிற்சி நட்டஈடு கேட்கப் பொதுவாக உரிமை உண்டு. இடமாற்றக் கட்டணம் கைமாறினால் அதில் 5 வீதம் 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரிக்கப்படும். நம் சிறு கழகங்கள் பதிவுப் புத்தகத்தை ஒழுங்காக வைக்காததால் இதைக் கேட்கத் தெரியாமல் இழக்கின்றன. இது என் நெடுநாள் மனக்குறை. பயிற்சி நட்டஈட்டை முன்கூட்டிப் பேசித் தீர்க்காவிட்டால் கடைசி நிமிடத்தில் இடமாற்றம் சிக்கிக்கொள்ளவும் கூடும்.

இராணுவ அணியைப் பற்றி அப்பா சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. இராணுவம், விமானப்படை, கடற்படை, பொலிஸ் ஆகிய அணிகள்தான் இந்த நாட்டில் பந்து ஆடி மாதம் தவறாமல் சம்பளம் வாங்க உறுதியான வழி. என்னோடு ஆடியவர்களில் இன்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்த வழியில் போனவர்கள். ஆனால் அங்கே சேர்வது ஒரு கழகத்தில் சேர்வது போன்றதல்ல. சீருடையும் ஒழுங்கும் உள்ள வேலை. நினைத்தபோது விட்டுவிட்டு மாலே போக முடியாது. 21 வயதில் ஒரு பருவம் வெளியே ஆடிவிட்டு 22இல் திரும்பி வருபவருக்கு அந்தக் கதவு இன்னும் திறந்திருக்குமா என்பதை, சேர நினைக்கும் அணியின் பயிற்றுநரிடம் இப்போதே போய்க் கேளுங்கள். வயது வரம்பு ஆட்சேர்ப்புக்கு ஆட்சேர்ப்பு வேறுபடும். வேலைக்குப் போகிறதா, வெளியே ஆடுகிறதா என்ற விவாதம் அந்த ஒரு பதிலில் பாதி தீர்ந்துவிடும்.

மாலைதீவு என்றவுடன் நம் எல்லோர் மனத்திலும் வரும் பெயரைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் நம் தேசிய அணியின் தடுப்பு வீரர். மாலைதீவில் ஆடிக்கொண்டிருந்தபோது 2022 பெப்ரவரியில் அங்கேயே இறந்தார். அந்த மரணத்திலிருந்து நான் எந்தப் பாடமும் எடுக்க மாட்டேன். அது அவருடைய குடும்பத்தின் துயரம். அதற்குப் பிறகு என் மாணவன் யாராவது வெளியே போனால், தினமும் இரவில் ஒரு தடவை எனக்கு அழைக்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொள்கிறேன். கோல் விழுந்த இரவில் கட்டாயம் அழைக்க வேண்டும். நீங்கள் அக்கா. அந்த அழைப்பை எடுக்கிற ஆள் நீங்களாக இருங்கள்.

தம்பியிடம் இந்தக் கிழமை மூன்று விடயம் கேளுங்கள். அவரைக் கேட்டது கழக நிர்வாகியா, பயிற்றுநரா? பயிற்றுநர் என்றால் அவர் தம்பி ஆடி நேரில் பார்த்தாரா, வெட்டி ஒட்டிய வீடியோவை மட்டும் பார்த்தாரா? அங்கே அவர் பக்கத்தில் நிற்கப்போகும் மற்ற சென்டர் பேக் யார், அவர் பருவம் முழுவதும் இருப்பாரா? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் அந்தக் கழகம் உண்மையிலேயே ஒரு தடுப்பு வீரரைத் தேடுகிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் ஓர் ஆசிய இடத்தை நிரப்பத் தேடுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அப்படி இருந்தாலும் போகலாம், சம்பளம் எழுத்தில் இருந்தால்.

அப்பாவுக்குச் சோங்கின் மிச்சக் கதையையும் சொல்லுங்கள். 2010ஓடு அவர் பார்ப்பதை நிறுத்தியிருக்கக்கூடும். 2016 ஒக்டோபரில் சோங்குக்கு மூளையில் இரத்தக் குழாய் வெடித்து நினைவிழந்து கிடந்தார். பிழைத்து எழுந்தார். 2022இல் கமரூன் தேசிய அணியின் பயிற்றுநர் ஆனார். அந்த டிசம்பர் 2ஆம் திகதி கட்டாரில் நடந்த உலகக் கிண்ணத்தில் கமரூன் 1-0 என்று வென்றது. எதிரணி, 17 வயதில் அவர் சிவப்பு அட்டை வாங்கிய அதே பிரேசில்.